ரத்த அழுத்தத்தை ஊசியால் உடனே இறக்கலாமா?

கேள்வி: ரத்த அழுத்தம் 200/130 என்று காட்டினால் ஊசி போட்டுத்தான் இறக்க வேண்டுமா? (வாசகர், குன்றத்தூர்)

பதில்: எண்ணை மட்டும் பார்த்து ஊசி போடுவதில்லை. அழுத்தம் 180/120-ஐத் தாண்டி, மூளை, இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்பும் பாதிக்கப்படும்போதுதான் நரம்பு வழி மருந்து தேவை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மாத்திரையே போதும். தீவிர சிகிச்சைப் பிரிவில் லேபெட்டலால், நிகார்டிபின், நைட்ரோபுருசைடு ஆகியவற்றில் ஒன்றைத் தேர்வார்கள். நைட்ரோபுருசைடு ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யும், நிறுத்தினால் சில நிமிடங்களில் விளைவு மறையும். அளவைக் கூட்டிக் குறைக்க அது வசதி. பொதுவாக முதல் மணி நேரத்தில் கால் பங்குக்கு மேல் இறக்கக் கூடாது. அப்படி இறக்கினால், உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கு ரத்தம் போதாமல் பக்கவாதமே வரலாம். மகாதமனி கிழிந்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் வேகமாக இறக்குவார்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் இருந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.