பிரேக்கில் ஏர் எடுக்க ரெண்டு பேர் வேணும்

பிரேக்கை மிதிச்சா பெடல் கல்லு மாதிரி நிக்கணும். எங்க வீட்டுப் பழைய காரில் போன மாசம் அது பஞ்சு மூட்டை மாதிரி உள்ளே போச்சு. காரணம் நான்தான். பின் சக்கரத்தில் வீல் சிலிண்டர் கசியுதுன்னு நானே கழற்றிப் புதுசு மாட்டினேன். அப்போ லைனுக்குள் காற்று புகுந்துடுச்சு. அடுத்த ஞாயிறு அப்பா அந்த வண்டியில்தான் கொல்லிமலை போறதா இருந்தார். 70 கொண்டை ஊசி வளைவு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

கொஞ்சூண்டு காற்றுக்கா இவ்வளவு பயம்னு கேட்டீங்கன்னா, ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் விட்டம் 20 மி.மீ.ன்னு வைங்க. பரப்பு சுமார் 3.14 சதுர செ.மீ. லைனில் 2 மில்லி காற்று இருக்கு. பலமா மிதிக்கும்போது அழுத்தம் 50 பாருக்குப் போனா, அந்தக் காற்று சுருங்கி கிட்டத்தட்ட காணாமலே போயிடும். அந்த 2 மில்லி இடத்தை நிரப்ப பிஸ்டன் 6 மி.மீ.க்கு மேல் கூடுதலா நகரணும். பெடல் நெம்புகோல் விகிதம் 5னா, கால் 3 செ.மீ.க்கு மேல் வீணா இறங்குது. பாஸ்கல் விதியை எக்ஸாமுக்கு எழுதினப்போ இது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆனா பெடல் இறங்கினாலே காற்றுதான்னு முடிவு பண்ணிடாதீங்க. ரெண்டு மூணு தடவை வேகமா மிதிச்சதும் பெடல் மேலே வந்து இறுகினா, பெரும்பாலும் காற்று. பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருந்தாலும் அப்படி இருக்கும். ஒரே அழுத்தமா மிதிச்சுப் பிடிக்கும்போது மெதுவா கீழே இறங்கிக்கிட்டே போனா, எங்கேயோ கசிவு, இல்லன்னா மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கு. அதுக்கு எவ்வளவு ஏர் எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை.

கடையில் நாம கேட்கிறது பிரேக் ஆயில். உண்மையில் அது ஆயிலே இல்லை, கிளைக்கால் வகை திரவம். (நிஜ ஆயிலை ஊத்தினா ரப்பர் சீல் எல்லாம் ஊதிப் போயிடும்.) அது காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு விதி. 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்த வரம்பு 140 டிகிரிதான். மலை இறங்கும்போது பிரேக் சூட்டில் அது கொதிச்சா ஆவி வரும். ஆவியும் காற்று மாதிரியே சுருங்கும், பெடல் போயிடும். அதனால போன வருஷம் திறந்த பாட்டிலைத் தொடாதீங்க. ரிசர்வாயர் மூடியில் என்ன எழுதியிருக்கோ அதையே புதுசா வாங்குங்க.

இனி வேலை. சமதளத்தில் நிறுத்தி, தரையில் நிக்கிற சக்கரத்துக்குக் கல் வைங்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை விடாதீங்க, ஸ்டாண்ட் வேணும். இன்ஜின் ஆஃப். பொதுவா மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்து சக்கரத்தில் ஆரம்பிப்பாங்க. நம்ம ஊர் வண்டியில் அது பின் இடது. சில வண்டிகளுக்கு வரிசை மாறும், மேனுவலைப் பாருங்க.

பிளீடர் நிப்பிளில் முதல்ல ரிங் ஸ்பேனரை மாட்டிட்டு, அப்புறம் டியூபைச் சொருகுங்க. நான் மாத்திச் செஞ்சு அசடு வழிஞ்சேன். டியூபின் மறுமுனை, கொஞ்சம் புது ஃப்ளூயிட் ஊத்தின தெளிவான பாட்டிலுக்குள் முங்கியே இருக்கணும். நிப்பிள் துருப்பிடிச்சிருந்தா துரு நீக்கி அடிச்சுக் காத்திருங்க. முரட்டுத்தனமா திருகினா முறிஞ்சிடும்.

பெடலில் எங்க அம்மா. மூணு தடவை மிதிச்சுட்டு அழுத்திப் பிடிச்சுக்கணும். "பிடிச்சாச்சு"ன்னு சொன்னதும் நான் கால் சுற்று திறப்பேன். குமிழோட ஃப்ளூயிட் வரும், பெடல் இறங்கும். நான் மூடிட்டு "விடலாம்"னு சொன்ன பிறகுதான் அவங்க காலை எடுக்கணும். பழைய வண்டியில் பெடல் தரை வரைக்கும் போனா, மாஸ்டர் சிலிண்டர் சீல் சொரசொரப்பான பகுதியில் உரசிக் கிழியலாம். அதுக்காக பெடலுக்கு அடியில் ஒரு கட்டையை வெச்சோம்.

நாலாவது தடவை குக்கர் விசில் அடிச்சது. நான் மூடுறதுக்குள்ள அம்மா காலை எடுத்துட்டாங்க. டியூப் முனையும் ஃப்ளூயிட்டை விட்டு வெளியே வந்திருந்தது. எடுத்த காற்றெல்லாம் திரும்ப உள்ளே. மூணாவது சக்கரத்தில் அதைவிட மோசம்: ரிசர்வாயரைப் பார்க்க மறந்துட்டேன், காலி. முதல் சக்கரத்திலிருந்து மறுபடி. அஞ்சாறு மிதிக்கு ஒரு தடவை ரிசர்வாயரைப் பாருங்க, வெளியே வந்த ஃப்ளூயிட்டைத் திரும்ப ஊத்தாதீங்க. பெயின்ட்டில் சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க, பெயின்ட்டை அரிச்சிடும்.

ஏபிஎஸ் வண்டியில் அந்த யூனிட்டுக்குள்ளேயே காற்று போயிருந்தா ஸ்கேனர் இல்லாம எடுக்கிறது கஷ்டம். ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுடுங்க.

நாலு நிப்பிளும் இறுகியிருக்கா, எங்கேயாவது ஈரம் கசியுதான்னு பார்த்துட்டு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க. மிதிச்சிருக்கிற பெடல் கொஞ்சம் இறங்கும். பதறாதீங்க, அது பூஸ்டர் வேலை செய்யுது. நான் பதறினேன். காலித் தெருவில் நடை வேகத்தில் பத்துத் தடவை பிரேக் போட்டுப் பார்த்த பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. பக்கத்துத் தெரு மெக்கானிக்கிட்ட ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் ஓட்டிட்டு வந்து, "பெடல் நல்லா இருக்கு தம்பி, ஆனா இடது பின் நிப்பிளுக்கு ரப்பர் மூடி போட மறந்துட்டே"ன்னார்.