பாரிசவாயு எனும் பக்கவாதம்



எங்கள் தாத்தா தோணியில் தண்டலாக இருந்தவர். கொழும்புக்குப் பலமுறை சென்று வந்தவர். காற்று திரும்புமுன்பே அதை அறிந்து சொல்வார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்குத் திண்ணையில் அமர்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவரின் வலக்கையிலிருந்து தம்ளர் நழுவி விழுந்தது. ஆச்சி என்னவென்று கேட்டார்கள். தாத்தாவின் வாயிலிருந்து சொல் வரவில்லை; உதடு ஒரு பக்கமாய்க் கோணியது.

"வாயு பிடித்திருக்கிறது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வேப்பெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தோம். புறா இரத்தம் பூசினால் கேட்கும் என்றார் இன்னொருவர். எண்ணெய் போட்டு உருவி விடும் வைத்தியர் ஒருவரைத் தேடி ஆள் போயிற்று. இவை எல்லாம் முடிந்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் ஒரு மணி. அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பதுதான். ஐந்தரை மணிக்கு என்றோம். அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையின் பொருளைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்ததை உங்களுக்கும் சொல்லவே இக்கட்டுரை.

பாரிசம் என்றால் பக்கம். உடலின் ஒரு பக்கத்தை வாயு தாக்குகிறது என்று முன்னோர் நம்பியதால் இந்நோய்க்குப் பாரிசவாயு என்று பெயரிட்டனர். ஆனால் நோய் இருப்பது கையிலும் இல்லை, காலிலும் இல்லை. அது மூளையில் இருக்கிறது. ஆகவே காலைத் தேய்ப்பதால் பயனில்லை. விளக்கு எரியவில்லையென்று பல்பைத் துடைத்துக்கொண்டிருப்பது போன்றது அது. பழுது மின்கம்பியில் அல்லவா இருக்கிறது!

நம் உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 விழுக்காட்டை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அதைச் சேமித்து வைக்க மூளைக்கு இடமில்லை; இரத்தம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இரத்தக் குழாயில் கட்டி அடைத்துக்கொண்டால் அதற்கு அப்பாலுள்ள பகுதி பட்டினி கிடந்து சாகிறது. பக்கவாதத்தில் பெரும்பாலானவை இவ்வகையே. மற்றொரு வகையில் குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிகிறது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கின்றனர். மூளையின் இடப்பக்கம் உடலின் வலப்பக்கத்தை ஆள்கிறது. பெரும்பாலோர்க்குப் பேச்சும் இடப்பக்கத்தில்தான் அமைந்துள்ளது. தாத்தாவுக்கு வலக்கையும் பேச்சும் ஒரே நேரத்தில் போனதன் காரணம் இதுவே.

அடைப்பினால் வந்த பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து இருக்கிறது. பொதுவாக அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நன்மை. பெரிய குழாய் அடைபட்ட சிலருக்கு, அதன் பிறகும் கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை உண்டு. அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஐந்தரையிலிருந்து ஒரு மணி வரை ஏழரை மணி நேரம். டாக்டர் ஏன் பேசாமல் நின்றார் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

வேம்பாரிலிருந்தோ மணப்பாட்டிலிருந்தோ தூத்துக்குடிக்கு வர வண்டியிலேயே ஒரு மணி நேரமாவது போய்விடும். ஆதலால் வீட்டில் வீணாக்க நேரமே கிடையாது. சிரிக்கச் சொல்லிப் பாருங்கள், வாய் கோணுகிறதா? இரு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் மணியைக் குறித்துக்கொண்டு உடனே 108க்குத் தொலைபேசி செய்ய வேண்டும். கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். அது பெரிய தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். விழுங்கும் சக்தி போயிருக்கக்கூடுமாதலால் தண்ணீர், காப்பி, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றலாகாது, நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுத்தாலோ நினைவு தப்பினாலோ ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஆஸ்பிரின் நல்லதாமே என்று கேள்விப்பட்டு வீட்டிலேயே கொடுப்பதும் தவறு. அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாயிருந்தால் அந்த மாத்திரை கேட்டையே கூட்டும்.

நம் கடற்கரைக்கென்று ஒரு குறிப்பும் சொல்லவேண்டும். பசிபிக் கடலின் துவாமோட்டுத் தீவுகளில் முத்துக்குளிப்போர், நாள் முழுதும் மூச்சடக்கி மூழ்கி எழுந்தபின் கை கால் விழுந்துபோவது உண்டு. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'தரவானா'. இங்கும் கம்ப்ரசர் காற்றைப் பிடித்து ஆழத்தில் சங்கெடுப்பவர்கள் விரைந்து மேலே வந்தால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் தோன்றி அவ்வாறே நேரலாம். பார்வைக்குப் பக்கவாதம் போலிருப்பினும் இதற்குச் சிகிச்சை வேறு. உயர் அழுத்த ஆக்சிஜன் அறை தேவைப்படும். ஆகவே கடலில் மூழ்கி வந்தவர் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனிக் காரணங்கள். முதன்மையானது உயர் இரத்த அழுத்தம். அது வலிக்காது, அரிப்பெடுக்காது. பல ஆண்டுகள் குழாய்களை மெல்ல மெல்லக் கெடுத்துவிட்டு ஒரு நாள் வெளிப்படும். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் அழுத்தம் 186/108 இருந்தது. அதைக் குறைக்கத்தக்க நல்ல மருந்து அக்காலத்தில் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று அது 300/190 ஆக ஏறி, மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். உலகப் போரை நடத்தியவருக்குக் கிடைக்காத மாத்திரை இன்று நமது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை தருகின்றனர். படுத்த படுக்கையானவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் அளிக்கின்றனர். எங்கள் தாத்தாவுக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். "உடம்புக்கு ஒன்றுமில்லையே" என்று பாதியில் நிறுத்திவிட்டார்.

நீரிழிவு, பீடி, புகையிலை, மது, இருதயத் துடிப்புச் சீர்கேடு ஆகியவையும் காரணங்களே. இளவயதினருக்கும் இது வரும். கவனிக்காமல் விட்ட தொண்டைப் புண் வாதக் காய்ச்சலாகி, இருதய வால்வைக் கெடுத்து, அங்கே உறையும் இரத்தக் கட்டி மூளைக்குச் சென்று அடைப்பதுண்டு. நம் வயதுப் பெண்கள் இதனை மறக்கலாகாது.

உப்பைப் பற்றி எழுதினால் நம் ஊரார் கோபிப்பார்களோ! இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவது இங்கேதானே. ஆயினும் நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே இலையில் விழுந்தால் கணக்கு எங்கே நிற்கும்?

நோயாளியைப் பேணுவதில் பெரும்பங்கு நம் வீட்டுப் பெண்களுக்கே வருகிறது. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு நழுவிவிடும். முதுகுக்குப் பின்னால் அணைத்தே எழுப்ப வேண்டும். நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். நீர்த்த கஞ்சியைவிடக் குழைந்த உணவே பலருக்கு எளிதாக இறங்கும். என்ன கொடுக்கலாம் என்பதை மருத்துவமனையில் கேட்டறிவது நலம். ஒரு வாய் இறங்கியபின்தான் அடுத்த வாய். இதில் ஆச்சியின் பொறுமை எனக்கு வரவில்லை.

பேச்சுப் போனவர்களைக் குழந்தையாக எண்ணிக் கொஞ்சுவது பெருந்தவறு. சொல் வராவிட்டாலும் அறிவு இருக்கும். எம்.ஜி.ஆருக்கு 1967இல் குண்டு பாய்ந்தபோதே குரல் கெட்டிருந்தது. 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாற்றோடு பக்கவாதமும் வந்து பேச்சு மிகவும் குறைந்தது. அமெரிக்காவில் சிகிச்சை பெற்றுத் திரும்பி, 1985 பிப்ரவரியில் மீண்டும் முதலமைச்சராகப் பதவியேற்று, 1987 டிசம்பரில் இறக்கும்வரை அப்பதவியிலிருந்தார்.

பேசும்போது நேரே முகத்தைப் பார்த்து, சிறு சிறு வாக்கியங்களாக, 'ஆம்', 'இல்லை' என்று தலையசைக்கத்தக்க கேள்விகளாகக் கேட்க வேண்டும். ஒரு வியப்பும் உண்டு. புதிதாக ஒரு சொல்லும் சொல்ல இயலாதவர்கள், நெடுங்காலம் பழகிய செபத்தையும் பாட்டையும் தங்குதடையின்றிச் சொல்வார்கள். தண்ணீர் என்று கேட்கத் தெரியாத தாத்தா, மாலையில் ஆச்சி செபமாலை தொடங்கியதும் முழுவதும் கூடவே சொன்னார்! வீடே அழுதது.

இப்போது கோலூன்றித் திண்ணை வரை நடக்கிறார். வலக்கை இன்னும் முழுதாய் வரவில்லை. என்னை அத்தையின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். நானும் 'என்ன தாத்தா' என்று போய்விடுவேன். குழம்பில் உப்புக் குறைவு என்பதை மட்டும், ஒரு சொல்லும் இல்லாமலே, முகத்தைச் சுளித்து ஆச்சிக்கு நன்றாக விளங்க வைத்துவிடுகிறார்.