நத்தை வழி வரும் நுரையீரல் புழு

ஐரோப்பிய நரிகளின் நுரையீரலைத் தாக்கும் புழு, நரிக்கு நரி நேரே தொற்றுவதில்லை. நரியின் எச்சத்திலுள்ள குடம்பி நத்தைக்குள் வளர்ந்த பின்பே, அந்நத்தையைத் தின்னும் நரியைச் சேரும். ஆகவே ஈரநிலத்தில் நோய் மிகும். வறண்ட நிலத்தில் குறையும்.

1935இல் சீனாவில் கண்டறியப்பட்ட எலி நுரையீரல் புழு இதன் உறவு. இதற்கும் நத்தையே வழி. இது மனிதரின் மூளையுறையையும் தாக்கும்.

அரிப்பில் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலான மாரியே நத்தைக் காலம். ஆளில்லாது கிடந்த வளவுகளில் புதரும் குப்பையும் எலிக்கும் நத்தைக்கும் ஒருங்கே புகலிடம். மீளக் குடியேறும் நாம் முதலில் அவற்றை அகற்றுவோம். கிணற்றடியில் நீர் தேங்கவிடாதிருப்போம். வல்லாரையைச் சம்பலாக்குமுன் இலை இலையாகக் கழுவுவோம். வேகவைத்து உண்பது இன்னும் பாதுகாப்பு. பிள்ளைகள் நத்தையைத் தொட்டால் கை கழுவுவிப்போம். கடும் தலையிடியுடன் கழுத்து விறைத்தால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்வோம்.