கிளிண்டன் சாலை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், வெஸ்ட் மில்ஃபோர்ட் என்னும் ஊரின் எல்லைக்குள் காட்டை ஊடறுத்துச் செல்லும் கிளிண்டன் சாலை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுடையது. 23ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து வடக்கே அப்பர் கிரீன்வுட் ஏரியை நோக்கி வளைந்து வளைந்து செல்லும் இச்சாலையின் பெரும்பகுதியில் குடியிருப்புகள் இல்லாததால், இது பற்றிய அமானுஷ்யக் கதைகள் பல பத்தாண்டுகளாகப் பெருகி வந்துள்ளன. தெரிந்த ஒருவருக்கு அண்மையில் நேர்ந்ததாகச் சொல்லப்பட்டு வாய்மொழியாகப் பரவும் இத்தகைய கதைகளை நாட்டார் வழக்காற்றியலார் நகர்ப்புறத் தொன்மங்கள் என்று அழைக்கின்றனர். அவற்றுள் முதன்மையான சிலவற்றை வரலாற்றுச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது.

நம்பிக்கை: சாபத்துக்கு உள்ளான இடமாதலால் சாலையோரத்தில் மனிதர் எவராலும் குடியிருக்க முடிவதில்லை.

உண்மை: இந்த வெறுமைக்குக் காரணம் குடிநீர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூவார்க் நகரம் தனக்கு நீர் தந்த பஸ்ஸாயிக் ஆறு ஆலைக்கழிவாலும் சாக்கடையாலும் கெட்டுப்போய், மக்கள் டைபாய்டு போன்ற நோய்களுக்கு ஆளானதால், தொலைவிலுள்ள பெக்குவானக் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியை, அதாவது மழைநீர் வழிந்து ஆற்றில் சேரும் நிலப்பரப்பை, நாடியது. 1892 முதல் அங்கிருந்து நகருக்கு நீர் வரத் தொடங்கியது. நீர் மாசுபடாமல் காக்கும் பொருட்டு ஏறத்தாழ 35,000 ஏக்கர் நிலம் நகரின் உடைமையாக்கப்பட்டதால், கிளிண்டன் என்ற பெயரில் அங்கிருந்த சிற்றூர் மறைந்தது. ஊர் போனபின்னும் சாலை எஞ்சியது.

நம்பிக்கை: சாலையோரத்து நீர்த்தேக்கத்துக்கு அருகில் கூம்பு வடிவில் நிற்கும் கற்கட்டடம், டுரூயிடுகள் எனப்படும் பண்டைய கெல்டிக் பூசாரிகள் வழிபாடு நடத்திய கோயில்.

உண்மை: அது 1826இல் கட்டப்பட்ட ஊதுலை. ஊதுலை என்பது இரும்புத்தாதுவையும் மரக்கரியையும் சுண்ணாம்புக்கல்லையும் மேல்வாய் வழியாகக் கொட்டி, துருத்தியால் காற்றைச் செலுத்தி, உருகிய இரும்பை அடிப்பகுதித் திறப்பு வழியாக வடித்தெடுக்கும் உலையாகும். கோயிலுக்கு அடையாளமென்று காட்டப்படும் கூறுகள் யாவும் இத்தொழிலின் தேவையால் அமைந்தவை: சுவர்கள் மேல்நோக்கிக் குறுகுவது கட்டடத்தின் உறுதிக்காகவும், அடியில் வளைவு வாயில்கள் இருப்பது காற்று நுழையவும் இரும்பு வெளியேறவும், அருவியை ஒட்டி நிற்பது துருத்தியை இயக்கும் நீர்ச்சக்கரத்துக்காகவும் ஆகும். டுரூயிடுகள் பிரிட்டன், அயர்லாந்து, இன்றைய பிரான்சு ஆகிய பகுதிகளில் வாழ்ந்தவர்கள். அவர்கள் வட அமெரிக்காவுக்கு வந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. இவ்வுலை 1976இல் அமெரிக்க வரலாற்றிடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

நம்பிக்கை: மூடப்பட்ட விலங்குப் பூங்காவிலிருந்து தப்பிய மிருகங்கள் ஒன்றோடொன்று கலந்து, இனம் புரியாத கொடிய உயிர்களாகக் காட்டில் உலவுகின்றன.

உண்மை: வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 'ஜங்கிள் ஹாபிட்டாட்' என்ற பூங்காவை வெஸ்ட் மில்ஃபோர்டில் 1972இல் திறந்து 1976இல் மூடியது உண்மையே. ஆயினும் உறவற்ற இனங்கள் கலந்து குட்டி ஈனுவது உயிரியலுக்கு ஒவ்வாதது. வெப்பநாட்டு விலங்குகள் அப்பகுதியின் உறைபனிக் குளிரைக் காட்டில் தாங்கி, தலைமுறை தலைமுறையாகப் பெருகுவதும் நடவாதது. இரவில் கேட்கும் ஓசைகளுக்கும் தென்படும் உருவங்களுக்கும் அக்காட்டில் இயல்பாக வாழும் கருங்கரடி, கொயோட்டி என்னும் ஓநாயின விலங்கு, பாப்கேட் என்னும் காட்டுப்பூனை ஆகியவையே போதிய விளக்கமாகும்.

நம்பிக்கை: 1983இல் கோடைக்கால வெப்பத்திலும் உள்ளே பனி உறைந்த நிலையில் ஒரு பிணம் இச்சாலையோரம் கிடைத்தது.

உண்மை: இங்கு இரு வேறு நிகழ்வுகள் ஒன்றாகக் கலந்துள்ளன. அவ்வாண்டு மே மாதம் கிளிண்டன் சாலையருகே கொலையுண்ட ஒருவரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அக்கொலைக்காக ரிச்சர்ட் குக்ளின்ஸ்கி என்பவர் 1988இல் தண்டிக்கப்பட்டார். உடலை உறையவைத்து இறந்த காலத்தை மறைக்க அவர் முயன்றது வேறொருவரின் கொலையிலாகும். அந்த உடல் அதே ஆண்டு செப்டம்பரில் அண்டை மாநிலமான நியூயார்க்கில் கிடைத்தது. இரு குடும்பங்களின் துயரத்தை ஒரே திகில் கதையாகச் சுருக்குவது இறந்தோருக்கு இழைக்கும் அநீதி.

நம்பிக்கை: சாலையிலுள்ள பாலத்திலிருந்து நாணயத்தை எறிந்தால் அங்கு இறந்த சிறுவனின் ஆவி அதைத் திருப்பி வீசும், பின்தொடரும் வண்டி விளக்குகள் திடீரென மறையும்.

உண்மை: சிறுவன் நீரில் மூழ்கினான் என்றும் வண்டியில் அடிபட்டான் என்றும், நாணயம் அப்பொழுதே திரும்பும் என்றும் மறுநாள்தான் திரும்பும் என்றும் கதை ஆளுக்கு ஆள் மாறுவது, வாய்மொழிப் பரவலின் தெளிவான அடையாளம். கூர்மையான வளைவுகள் நிறைந்த இருண்ட சாலையில் பின்னே வரும் வண்டியின் ஒளி தோன்றித் தோன்றி மறைவது இயல்பு. இளைஞர்கள் தம் துணிவைச் சோதிக்கக் கதைக்குரிய இடத்துக்கே இரவில் செல்லும் வழக்கத்தை ஆய்வாளர்கள் தொன்மப் பயணம் என்பர். அச்சத்தை எதிர்பார்த்துச் செல்பவருக்கு ஒவ்வோர் ஓசையும் சான்றாகத் தோன்றுவதால், ஒவ்வொரு பயணமும் புதியதொரு சாட்சியத்தைச் சேர்க்கிறது.

இக்கதைகளின் உண்மையான தீங்கு, அவை வரலாற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதில் உள்ளது. உலையில் உழைத்தவர்களும், பெருநகரின் குடிநீருக்காகத் தம் ஊரை இழந்தவர்களும் மறக்கப்பட்டதனால்தான் அவர்கள் விட்டுச்சென்ற கற்களுக்குப் பூசாரிகளும் ஆவிகளும் உரிமையாளர்களாயினர். ஆகவே வெறிச்சோடிய சாலை ஒன்றைப் பற்றிய அச்சக் கதை காதில் விழும்போது, அங்கு முன்பு வாழ்ந்தவர்கள் யார், அவர்கள் ஏன் வெளியேறினர் என்று கேட்பதே முறை.