பிள்ளையார்பாளையத்துச் சகோதரருக்கு



உங்கள் கடிதம் கிடைத்தது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. பதிலை மட்டும் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். காஞ்சிபுரத்தில் நீங்கள் கேட்ட கேள்வி ஆம்பூரிலும் நாசரேத்திலும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. வாய்விட்டுக் கேட்கத்தான் பயப்படுகிறார்கள்.

வாரம் முழுக்கத் தறியில் உட்காருகிறீர்கள். ஞாயிறு தவறாமல் ஓய்வுநாள் பாடசாலை நடத்துகிறீர்கள். சபையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்பது நீங்கள்தான். ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்றுபோன நாட்களில், தொலைக்காட்சியில் ஓர் ஊழியர் விதைக் காணிக்கை அனுப்பச் சொன்னார். முதலாளியிடம் முன்பணம் வாங்கி அனுப்பினீர்கள். நூறு மடங்காகத் திரும்பும் என்றார். திரும்பவில்லை. இப்போது ஒவ்வொரு சேலைக்கும் கூலியில் அந்த முன்பணத்தைப் பிடிக்கிறார்கள். சபையில் சிலர் உங்களுக்கு விசுவாசம் போதாது என்கிறார்கள். உண்மையாய் ஊழியம் செய்கிறவனைத் தேவன் போஷிப்பார் என்பது பொய்யா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொய் இல்லை. அதை நான் முழு மனதோடு நம்புகிறேன். நீங்கள் கேட்ட பிரசங்கம்தான் பொய்.

அந்த ஊழியர் காட்டிய வசனம் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது: தேவன் குறைவையெல்லாம் நிறைவாக்குவார் என்ற வாக்குத்தத்தம். அதை எழுதியபோது பவுல் சிறையில் இருந்தார். பட்டினி கிடக்கவும் பழகிக்கொண்டேன் என்று அதே அதிகாரத்தில், சில வரிகளுக்கு முன்னால் சொல்கிறார். தேவன் தரும் நிறைவுக்கு வீடும் காரும் அடையாளம் என்றால், முதலில் தோற்றுப்போனவர் பவுல்தான்.

வாக்குத்தத்தம் யாருக்குச் சொல்லப்பட்டது என்பதையும் பாருங்கள். பிலிப்பி சபை ஒரு துணி வியாபாரியின் வீட்டில் வளர்ந்த சபை. சாயம் தோய்த்த விலையுயர்ந்த துணி விற்ற லீதியாள்தான் அங்கே முதலில் கதவைத் திறந்தவள். மக்கெதோனியா நாட்டுச் சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்தும் கொடுத்தன என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அந்த ஏழைச் சபையார் பணம் சேர்த்து, எப்பாப்பிரோதீத்துவின் கையில் சிறைக்கு அனுப்பினார்கள். கொண்டுபோன மனிதர் வியாதிப்பட்டு மரணத்தின் வாசல்வரை போனார். அப்படிக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லும் கடிதத்தில்தான் அந்த வசனம் வருகிறது. பவுலின் குறைவைத் தேவன் அவர்கள் கையால் நிறைவாக்கினார். அவர்கள் குறைவையும் அவரே நிறைவாக்குவார் என்கிறார் பவுல். கொரிந்துவில் அவர் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்து சாப்பிட்டதையும் மறக்க வேண்டாம். கைத்தொழில் செய்துகொண்டு ஊழியம் செய்கிற நீங்கள் யாருக்கும் குறைந்தவர் இல்லை.

கோர்வைச் சேலை நெய்கிறீர்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். உடலின் ஊடை கரைக்குள் போகாமல், இரண்டும் ஓர் ஓரத்தில் பின்னிப் பூட்ட வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரையின் நாடாவை வீசினால்தான் அது நடக்கும். உங்கள் வீட்டில் அந்த இடத்தில் உங்கள் மனைவி உட்காருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் எழுந்துபோனால் தறி நிற்கும். தேவன் தம் ஊழியரைப் போஷிப்பதும் பெரும்பாலும் இன்னொரு கையை வைத்துத்தான்.

உங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ஆண்டர்சன் பள்ளி 1839இல் தொடங்கியது. ஸ்காட்லாந்து சபையின் மிஷனெரி ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் ஒரு பள்ளி தொடங்கினார். பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். காஞ்சிபுரம் பள்ளி அதன் கிளை. அது தொடங்கி நான்கு ஆண்டுகள் கழித்து, 1843 மே 18 அன்று, ஸ்காட்லாந்துச் சபை இரண்டாக உடைந்தது. ஒரு சபையின்மேல் ஆயரைத் திணிக்கும் உரிமை நிலப்பிரபுவுக்கு இருக்கக் கூடாது என்ற கொள்கைக்காக 450க்கும் மேற்பட்ட ஆயர்கள் வெளியேறினார்கள். சம்பளம் போயிற்று, குடியிருந்த வீடு போயிற்று. ஞாயிறு ஆராதனையைச் சிலர் திறந்த வெளியில் நடத்தினார்கள். இந்தியாவில் இருந்த அச்சபை மிஷனெரிகள் அத்தனை பேரும், ஆண்டர்சன் உட்பட, சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லாமல் வெளியேறியவர்கள் பக்கம் நின்றார்கள்.

அவர்களைத் தேவன் போஷித்தார். எப்படி? வானத்திலிருந்து பணம் விழவில்லை. வெளியேறியவர்களின் தலைவர் தாமஸ் சால்மர்ஸ் ஒரு வழி சொன்னார்: வாரம் ஒரு பென்னி. கூலிக்காரரும் வீட்டுவேலை செய்யும் பெண்களும்கூடக் கொடுக்கக்கூடிய தொகை. ஊர் ஊராக ஆள் வைத்து வாங்கினார்கள். அதே ஆண்டுகளில்தான் அந்நாட்டின் பெய்ஸ்லி நகரத்தில் சால்வை நெசவு படுத்து, ஆயிரக்கணக்கானவர்கள் நிவாரணத்தை நம்பி வாழ்ந்தார்கள். தறி நின்றால் அடுப்பு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாட்டில் சேர்ந்த சில்லறையில்தான் ஆயர்கள் சாப்பிட்டார்கள். கடல் கடந்த மிஷன் வேலையையும் புதிய சபையே தோளில் ஏற்றுக்கொண்டது. காஞ்சிபுரத்துப் பள்ளி மூடப்படவில்லை. ஆண்டர்சன் பணக்காரராகவில்லை; 1855இல் சென்னையிலேயே மரித்தார். கிடைத்ததெல்லாம் வேலைக்குப் போயிற்று, வேலை நிலைத்தது.

இந்தக் கதையில் இன்னொரு பக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நானும் அந்தத் தொலைக்காட்சி ஊழியரைப் போலத்தான். புதிய சபை 1844இல் பணம் திரட்ட அமெரிக்காவுக்குத் தூது அனுப்பியது. பணம் வந்தது. அதில் ஒரு பகுதி தென்மாநிலங்களில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் கொடுத்தது. 1846இல் ஃபிரெடரிக் டக்ளஸ் ஸ்காட்லாந்துக்கு வந்தார். அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்தவர். ஊர் ஊராய் மேடை ஏறி, அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்றார். கேட்டவர்கள் அதையே கோஷமாக்கினார்கள், சுவரில் எழுதினார்கள். சபை திருப்பி அனுப்பவில்லை. கொள்கைக்காக வீட்டையும் சம்பளத்தையும் விட்ட அதே மனிதர்கள் அந்த இடத்தில் தவறிவிட்டார்கள் என்பதே என் தீர்ப்பு.

பணம் வந்துவிட்டது என்பதாலேயே தேவன் கொடுத்தார் என்று சொல்லிவிட முடியாது. யாருடைய முதுகிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். உங்கள் முன்பணம் இன்று ஒரு ஊழியரின் கணக்கில் இருக்கிறது. அவர் அதைத் தேவன் தந்த ஆசீர்வாதம் என்று மேடையில் சாட்சி சொல்லக்கூடும். அது உங்கள் வீட்டு அரிசி.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கஷ்டத்தை ஆயரிடம் சொன்னால் அது விசுவாசக் குறைவாகாதா என்று கேட்கிறீர்கள். தோனாவூரில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று தீர்மானித்தார். 1901 முதல் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தார். பெரிய விசுவாசம். ஆனால் அவர் புத்தகங்களும் கடிதங்களும் எழுதிக்கொண்டே இருந்தார். அங்கே நடப்பது உலகத்துக்குத் தெரிந்திருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்ச் சேரும் தூரத்தில், வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் வேறு வழியில் போனார். நியூயார்க்கில் ஒரு பெண்மணியைப் பார்த்து, வேலூரில் பெண்களுக்கு மருத்துவமனை வேண்டும் என்று வெட்கப்படாமல் கேட்டார். பக்கத்து அறையில் இருந்த அந்தப் பெண்மணியின் உறவினர் ராபர்ட் ஷெல் காதில் அது விழுந்தது. மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது. ஐடா வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஷெல்லுக்கு வேலூர் என்ற ஊரே தெரிந்திருக்காது. கேட்காமல் இருந்தவரையும் தேவன் போஷித்தார், கேட்டவரையும் போஷித்தார். கேட்பது பாவம் என்று எங்கும் எழுதவில்லை.

உங்கள் ஊர் பசிக்குப் புதியதல்ல. பஞ்சத்தில் வாடிய காஞ்சியில் மணிமேகலை அமுதசுரபியோடு வந்து சோறிட்டாள் என்று தமிழ்க் காப்பியம் சொல்கிறது. அந்தப் பாத்திரமும் ஆதிரை என்ற ஒரு குடும்பப் பெண் முதல் பிச்சை இட்ட பிறகுதான் சுரக்கத் தொடங்கியது. நம் வேதத்தில் எலியாவைப் போஷித்தவள் சாறிபாத் ஊர் விதவை, கடைசிப் பிடி மாவோடு இருந்தவள். எலியாவுக்கு அவள் வேண்டியிருந்தாள்.

ஆகையால் சகோதரரே, இனி அந்தத் தொலைக்காட்சி ஊழியத்துக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். காணிக்கைக்காக யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள். கடன் வாங்கிக் கொடுக்கச் சொல்கிற தேவன் நம்முடையவர் அல்ல. இந்த வாரமே ஆயரைப் பார்த்து முன்பணம் எவ்வளவு, மாதம் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று கணக்கோடு சொல்லுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாதி உழைப்பு அவருடையது. ஓய்வுநாள் பாடசாலையை விட்டுவிடலாமா என்று கேட்டீர்களே, விடாதீர்கள்.

சபை மூப்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இவருக்கு விசுவாசம் போதாது என்று சொன்னவர்கள், இவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று ஒருநாள் போய்ப் பார்த்தீர்களா? தென்மாவட்டச் சபைகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து ஆலயத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் உண்டு. அந்தப் பிடியரிசியில் ஊழியங்கள் நடந்திருக்கின்றன. அறுப்பின் பண்டிகையில் சேவலையும் வாழைத்தாரையும் ஏலம் விட்டு நீங்கள் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை மழைக்காலத்தில் தறி நிற்கும் வீடுகளுக்கென்று ஒதுக்குங்கள். கமிட்டியில் தீர்மானமாக எழுதுங்கள். யாருக்குக் கொடுத்தோம் என்று மேடையில் வாசிக்க வேண்டாம்.

அடுத்த ஐப்பசிக்கு முன் இதைச் செய்யுங்கள். செய்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரன்