மனப்பாடம் கைவிட்ட இடம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் பேருந்தில்தான் என் படிப்பு நடந்தது. மேல்நிலை வகுப்புக்குக் கணினிப் பயன்பாடுகள் நடத்தும் நான், அதிலுள்ள வலையமைப்புப் பாடங்களை ஆழமாக அறிய விரும்பி, சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. சான்றிதழ்த் தேர்வு எழுதினேன். முதல் முறை தேர்ச்சி பெறவில்லை.

சப்நெட் அட்டவணையை மனப்பாடம் செய்திருந்தேன். தேர்வு நேரம் 120 நிமிடம். கடந்துவிட்ட வினாவுக்குத் திரும்ப முடியாது. பதற்றத்தில் ஒரு வரி மறந்தது. அதோடு மொத்தமும் குழம்பியது. ‘படிச்சேன் சார், மறந்துபோச்சு’ என்னும் மாணவர்களை நான் நம்பியதில்லை. அன்று நம்பினேன்.

அஞ்சல் குறியீடு தந்த தெளிவு

அருப்புக்கோட்டை 626101, திருச்சுழி 626129. முதல் மூன்று இலக்கங்கள் பகுதியையும், அடுத்த மூன்று அஞ்சலகத்தையும் குறிக்கின்றன. ஐ.பி. முகவரியிலும் வலையமைப்பு, கணினி என இரு பகுதிகள் உண்டு. ஒரு வேறுபாடு: அஞ்சல் குறியீட்டில் எல்லை மாறாது, ஐ.பி.யில் எல்லை எங்கே என்பதை சப்நெட் மாஸ்க் சொல்கிறது.

மாஸ்க் 255.255.255.224 என்றால், 256-இலிருந்து 224-ஐக் கழிக்க 32. ஆகவே குழுக்கள் 0, 32, 64 என்று தொடங்கி 224 வரை எட்டு. ஒவ்வொன்றிலும் முதல் எண் குழுவின் பெயர். கடைசி எண் அனைவருக்கும் அனுப்பும் முகவரி. மீதி 30 கணினிகளுக்கு. 192.168.1.30, 192.168.1.33 இரண்டும் பக்கத்து வீடுபோலத் தோன்றினாலும் வேறு வேறு குழு. இடையே ரவுட்டர் வேண்டும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

கரும்பலகையில் எட்டுக் கட்டங்கள் வரையுங்கள். மாணவருக்கு ஓர் எண் கொடுத்து, 32-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 100 என்றால் ஈவு 3, மீதி 4. எனவே 96-இல் தொடங்கும் கட்டம். வகுத்தல் தெரிந்த தொடக்கப்பள்ளிக் குழந்தையும் இதைச் செய்யும்.

“மீதி 31 வந்தா யாருக்கு சார் போகும்?” என்றாள் ஒரு மாணவி.

“பள்ளி மணி யாருக்கு அடிக்குது?” என்றேன்.

“எல்லாருக்கும்!”

இரண்டாம் முறை அட்டவணையை நினைவில் தேடவில்லை. கழித்து, தாளில் நானே எழுதிக்கொண்டேன். தேர்ச்சி பெற்றேன். இப்போது யாராவது மறந்துவிட்டது என்றால் கோபிப்பதில்லை. “எந்தப் படியில் நின்னுச்சு?” என்று கேட்கிறேன்.