எத்தனை மில்லிமீட்டர்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

மழை பெய்த மறுநாள் விடியலில் என் தந்தை மண்வெட்டியுடன் கொல்லைக்குப் போவார். ஓரிடத்தில் வெட்டி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்று பார்த்து, "ஒரு உழவு மழை" என்பார். நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஆண்டில், "செய்தித்தாளில் 40 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது, விதைக்கலாம்" என்றேன். படிக்கிற பிள்ளை சொன்னதை நம்பி, வெட்டிப் பாராமலே விதைத்தார். கடலை முளைக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தவறு எங்கே என்பது கல்லூரிக்கு வந்த பின்பே எனக்குப் புரிந்தது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர் விழுவதாகும். சாதாரண மழைமானியில் சேர்ந்த நீரை நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளப்பர். மொத்தம் தெரியும், பெய்த வேகம் தெரியாது.

இக்குறையைத் தீர்ப்பது தானியங்கி மழைமானி. அதன் புனலுக்கு அடியில் இரு சிறு வாளிகள் சீசாப் பலகைபோல அமைந்திருக்கும். ஒன்று நிரம்பியதும் கவிழும்; மற்றது புனலுக்கு நேராக வரும். புனலின் வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. என்றும், வாளி 10 கன செ.மீ. நீரில் கவிழ்கிறது என்றும் கொள்வோம். 10-ஐ 200-ஆல் வகுக்க, 0.05 செ.மீ. கிடைக்கும். அதாவது ஒரு கவிழ்ப்பு 0.5 மி.மீ. மழையாகும். ஒவ்வொரு கவிழ்ப்பிலும் ஒரு காந்தம் மின்சாவியைக் கடந்து செல்ல, மின்துடிப்பு எழும். அது நேரத்துடன் பதிவாகும். தானே கவிழும் வாளி என்னும் எண்ணம் புதிதன்று. 1662-இல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் ரென் அதை வடிவமைத்தார்.

இக்கருவிக்கும் குறையுண்டு. கனமழையில், வாளி கவிழும் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேராது. இலை விழுந்தால் புனல் அடைபடும். எனவே அருகில் சாதாரண மழைமானியும் வைத்து ஒப்பிடுவது நல்லது.

விடுமுறையில் இதைத் தந்தைக்கு விளக்கினேன். "80 தடவை கவிழ்ந்தால் 40 மில்லிமீட்டர் அப்பா" என்றேன்.

"எல்லாம் அரை மணியிலயா தம்பி, ராத்திரி பூராவுமா?" என்று கேட்டார்.

நான் வாயடைத்து நின்றேன். அரை மணியில் 80 கவிழ்ப்பு என்றால் பெரும்பகுதி ஓடையில் போய்விடும். எட்டு மணி நேரத்தில் என்றால் மண் குடிக்கும். அன்று நான் படித்துச் சொன்னது விழுந்த மழை. அவர் வெட்டிப் பார்ப்பது மண்ணில் தங்கிய மழை. விதைக்கு இரண்டாவதே வேண்டும்.

இப்போதும் செய்தித்தாளில் மழையளவு பார்க்கிறேன். ஆனால் விதைக்கும் நாளை அப்பாவின் மண்வெட்டியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.